நெஞ்சுக்குள் விசில்

கீரமங்கலம்
20-1-1957

அன்புள்ள தங்கச்சி உண்ணாமலைக்கு அண்ணன் தங்கமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அண்ணி அழகி, செவந்தி மூவரும் சுகம். கடையில் நிற்கிற வாடகை சைக்கிள்கள் ஆறில் நான்கு சுகம், இரண்டு பஞ்சர். திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சரைப் பிடிக்க வேண்டுமென்றால் காய்ச்சலும் ஓடியல்லவா வரவேண்டும், பாவம்.

விஷயம் என்னவென்றால், மாட்டுப்பொங்கலன்று கண்மாய்க்கரையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நம் செவந்திக்கு ஏழு வயது முடியவில்லை. ஆனாலும் பாவாடையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு நின்றாள். கைதட்டியதும் பாய்ந்தாள் பார், அப்படியே நீ. பெரிய பிள்ளைகளெல்லாம் பின்னால். நான் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று மார்பை நிமிர்த்திக்கொண்டேன். பாதிக் கரை வந்ததும் நின்றாள். நின்றவள் உட்கார்ந்தாள். அப்படியே நான்.

டீக்கடை நாகராசு விடுவானா? "ஏப்பா தங்கமுத்து, ஓட்டத்துல அத்தையாட்டம் இருக்கு, உக்கார்றதுல அப்பனாட்டமுல்ல இருக்கு!" என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி ஊருக்கே தெரியும். நம் ஐயா கம்பெடுத்துக்கொண்டு விரட்டும்போது மற்ற பிள்ளைகள் ஓடும், நான் உட்கார்ந்து அடி வாங்குவேன், அதுதான் சுலபம். நீ எனக்குக் கல்லுப்பிள்ளையார் என்று பட்டம் சூட்டினாய். பிழைப்பும் பார், ஊர் முழுக்க சைக்கிளில் பறக்க, நான் உட்கார்ந்து வாடகை வாங்குகிறேன்.

நான் கிடக்கிறேன். செவந்தியை நினைத்தால்தான் யோசனை. வருகிற ஆனியில் நம் அய்யனாருக்குப் புரவி எடுப்பு. மண்குதிரையைத் தூக்கி வரும்போது முன்னால் பிள்ளைகள் ஓடுவார்களே, அதில் தானும் ஓடவேண்டும் என்று இப்போதே குதிக்கிறாள். பாதியில் உட்கார்ந்தால் பின்னால் குதிரை நிற்குமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டிரில் சொல்லிக்கொடுக்கிறாயே, இந்தச் சோம்பலுக்கு ஒரு வழி சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் அண்ணன்
தங்கமுத்து


திருச்சி
29-1-1957

அன்புள்ள கல்லுப்பிள்ளையார் அண்ணனுக்கு,

பிள்ளையாருக்கும் அண்ணிக்கும் என் செல்ல மருமகளுக்கும் எங்கள் இருவரின் அன்பு. இவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை அதிகம், ஆனால் ஆள் தெம்பாக இருக்கிறார். என்னைப் பிடிக்க வந்த ஜலதோஷம் நீ சொன்னபடி மூச்சு வாங்கித் திரும்பிப் போய்விட்டது.

செவந்தி பாதிவரை முதலில் வந்தாள் என்று படித்ததும் வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். கால் இருக்கிறது. பழக்கம்தான் இல்லை. இதற்கு ஒரே மருந்து விடியற்காலை ஓட்டம். இருட்டு பிரிந்ததும் எழுப்பு. கண்மாய்க்கரையில் ஓடவிடு. பனிக்காற்று பட்டால்தான் நெஞ்சு விரியும். நின்றால் விடாதே, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி ஓட்டு. நீ கூடவே ஓடு என்று சொல்லமாட்டேன், எனக்கு ஆசை அவ்வளவு பெரிதில்லை. சைக்கிளில் பின்னால் போனால் போதும்.

மாசி பிறப்பதற்குள் மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் என் விசிலைக் காவிரியில் போட்டுவிடுகிறேன்.

அன்புத் தங்கை
உண்ணாமலை


கீரமங்கலம்
14-2-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் விசிலைப் பத்திரமாக வைத்துக்கொள், தேவைப்படும்.

நீ சொன்னபடியே ஆரம்பித்தோம். முதல் ஓட்டத்துக்குக் கரையில் சாணி பொறுக்க வந்தவர்கள், பல் விளக்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். முன்னால் செவந்தி ஓட, பின்னால் தலையில் துண்டோடு நான் சைக்கிளில் வர, "பிள்ளைய ஓடவிட்டுட்டு நீ சவாரியா போற? கலிகாலமப்பா!" என்று பலசரக்குக் கடை அழகுமலை காறித் துப்பினார்.

கரையின் திருப்பம்வரை நன்றாகப் போனாள். அப்புறம் இருமல். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். "இன்னுங் கொஞ்சந்தாண்டா" என்றேன். "முடியலப்பா. நெஞ்சுக்குள்ள யாரோ விசிலடிக்கிறாங்கப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் சின்ன வயதில் ஐயாவிடம் நானும் அச்சு அசலாக இதையேதான் சொல்வேன். "ஓடுனா எல்லாத்துக்குந்தான்டா மூச்சு வாங்கும், சாக்குச் சொல்லாத" என்று போடுவார் ஒன்று. வம்சச் சாக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கிறது பார்.

ஒரு வாரமாக இதே கதை. தினமும் திருப்பம் வந்தால் விசில். அடுத்து என்ன செய்யலாம், எழுது.

தங்கமுத்து

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்)
உண்ணாமலைக்கு அழகி எழுதுவது. கடிதத்தைத் தபாலில் போடச்சொல்லி என்னிடம் கொடுத்ததால் எழுதுகிறேன். உங்க அண்ணன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நேற்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து நடந்தே வந்தார். சைக்கிளைக் கரையிலேயே விட்டுவிட்டார். சாயந்திரம் யாரோ கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அது காணோம் என்றே அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு மதியம்வரை இருமல் நிற்கவில்லை.


திருச்சி
17-2-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். இது கிடைத்த நிமிஷத்திலிருந்து ஓட்டத்தை நிறுத்து.

நான் சொன்னது தப்பு. செவந்தி சொல்வது சாக்கு இல்லை அண்ணே. சாக்குச் சொல்கிற பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும். நெஞ்சுக்குள் விசில் என்று சொல்ல அதற்குத் தோன்றாது. உள்ளே விசில் அடித்தால்தான் சொல்லும்.

நீ எனக்கு ஒன்று செய். அவளை அதட்டாமல், மறிக்காமல், சும்மா விளையாடவிட்டுப் பார். எந்த விளையாட்டில் வருகிறது, எதில் வரவில்லை? ஓடும்போதே வருகிறதா, நின்ற பிறகு கூடுகிறதா? காலையிலா, வெயிலிலா? புழுதி பட்டால் எப்படி? உட்கார்ந்தால் தானாக அடங்குகிறதா? பார்த்து எழுது. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், உனக்கு நன்றாக வரும். இங்கே எங்கள் பள்ளிக்கு வருகிற டாக்டரம்மாவிடம் நானும் கேட்கிறேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. வண்டி பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

அண்ணிக்கு என் அன்பு. அவர் எழுதியது நல்லது.

உண்ணாமலை


கீரமங்கலம்
10-3-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் பயந்துவிட்டேன். பயந்தவன் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன்.

முதலில் யோசனை கேட்டேன். சைக்கிள் கடையில் யோசனைக்கா பஞ்சம்? காற்றடிக்க வந்தவன் கண்ணேறு என்றான். பெல் மாட்ட வந்தவன் பூச்சி என்றான். நாகராசு, "இருதயத்துல ஓட்டை இருந்தா இப்பிடித்தான் விசிலடிக்குமாம், டியூப்புல காத்துப் போறாப்புல" என்றான். மற்றதெல்லாம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் டியூப் என்றால் எனக்கு விளங்கும். அன்று முழுக்க ஒரு பஞ்சரும் ஒட்டவில்லை நான். கை ஓடவில்லை.

அதிலிருந்து பிள்ளையைத் தரையில் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கூட்டிப்போய் சைக்கிளில் கூட்டி வந்தேன். பாண்டி ஆடாதே, பூவரச மரத்தில் ஏறாதே. ஒருநாள் என் எதிரில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் என்ன ஒங் கடையில நிக்கிற பஞ்சர் சைக்கிளாப்பா?" என்றாள். இப்படிப் பேச உன்னிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

அதோடு விட்டேனா? அய்யனார் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். "பிள்ளை நெஞ்சு நல்லாயிருச்சுன்னா ஒனக்கு ஒரு சின்னப் புரவி செஞ்சு வைக்கிறேன், மண்ணு பெசையிற வேளார் பொட்டல்லருந்து அதுக்கு முன்னால எம்மக ஓடியே வருவா சாமி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னதும் அழகி தலையில் அடித்துக்கொண்டாள். "ஓடுனாத்தானே பிள்ளைக்கு வருது? நடந்து வருவான்னு வேண்டிக்கிற வாயி வரலியா ஒங்களுக்கு?" சாமியிடம் போய் 'ஓடி' என்பதை அடித்து 'நடந்து' என்று திருத்தவா முடியும்? பூசாரி வேறு கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு புத்தி வந்து, நீ சொன்னபடி விட்டுவிட்டுப் பார்த்தேன். பாண்டி ஆடினால் ஒன்றுமில்லை. ஊஞ்சல், மரமேறுதல் ஒன்றுமில்லை. கண்ணாமூச்சி பாதகமில்லை. ஆலங்குடி பஸ் பின்னாலேயே தெருக்கோடிவரை விரட்டிப் போனால் உடனே வராது, நின்று கொஞ்ச நேரத்தில் இருமல் வரும், பிறகு விசில். நான் காதை முதுகில் வைத்துக் கேட்டேன். மெய்தான், புல்லாங்குழல் மாதிரி சன்னமாக. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் மெல்ல அடங்கிவிடுகிறது. காலைக் குளிரிலும் புழுதியிலும் அதிகம். மதியம் குறைச்சல்.

செவந்தி கேட்கிறாள், ஆனி எப்போது வரும் என்று. நான் காது கேட்காதவன் மாதிரி இருக்கிறேன்.

தங்கமுத்து


திருச்சி
16-3-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ எழுதியதை அப்படியே டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெல் மாட்ட வந்தவன் வரைக்கும் கேட்டுச் சிரித்தார்கள். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தரம் படிங்க" என்றார்கள். அப்புறம், "ஒங்க அண்ணன் நல்லாப் பாத்திருக்கார். இது ஆஸ்துமாவா இருக்கலாம். சில பிள்ளைங்களுக்கு ஓடினா மட்டும் மூச்சுக்குழல் இறுகும்" என்றார்கள். நம் ஊரில் இழுப்பு என்போமே, அந்தச் சாதிதான். ஆனால் நேரில் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம்.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. ஒன்றை மறக்காதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்காதாம். ஓடிய பிறகு வருகிறது என்று நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஊமையாக நிற்காதே.

அவளை அடைத்தும் வைக்காதே. ஒருவேளை இதுதான் என்றாலும் ஓடக்கூடாத நோய் இல்லையாம். ஓடத் தெரிந்துகொண்டு ஓட வேண்டிய நோயாம்.

உண்ணாமலை


கீரமங்கலம்
2-4-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் பரம சௌக்கியம். உட்கார்ந்துகொண்டு படி. கையில் காப்பி இருந்தால் கீழே வை.

நேற்று முதல் பஸ்ஸில் நானும் செவந்தியும் புதுக்கோட்டை போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. குழாய் வைத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கே" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், ஆனால் ஊமையாக நிற்கவில்லை. "ஓடுனப்புறந்தாங்க வரும். ஓடவிட்டுப் பாருங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல யோசனை. வேப்ப மரத்தச் சுத்தி ஓடிட்டு வாம்மா" என்றார்.

வெளியே நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், தூக்குவாளிகள். நம் ஆளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "நீயும் வாப்பா" என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்வேன்? வேட்டியை மடித்துக் கட்டினேன். ஆம், உண்ணாமலை, நான் ஓடினேன். புதுக்கோட்டையில் நடந்ததால் ஊர்க்காரர்கள் யாரும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. செவந்தி சிரித்துக்கொண்டே என்னை முந்திப் போக, நான் தோள்துண்டு பறக்க அவள் பின்னால். ஒரு கிழவர் வராந்தாக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்.

உள்ளே வந்ததும் டாக்டர் செவந்தியின் முதுகில் குழாயை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். "இருக்கு. விசில் இருக்கு" என்றார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்களும் சட்டையக் கழட்டுங்க" என்றார்.

"எனக்கெதுக்குங்க? நான் சோம்பேறிங்க" என்றேன்.

குழாயை வைத்தார். கேட்டார். மறுபடியும் கேட்டார். "எத்தன வருஷமா இப்பிடி அடிக்குது?"

"எதுங்க?"

"இந்த விசில்."

"சின்னதுலருந்துதாங்க. ஓடுனா எல்லாத்துக்கும் அடிக்கும்ல?"

"இல்லைய்யா. எல்லாருக்கும் அடிக்காது."

தங்கச்சி, முப்பத்தாறு வயதாகிறது எனக்கு. எல்லோருக்கும் இந்த விசில் அடிக்கிறது, அடிக்க அடிக்க அவர்கள் ஓடுகிறார்கள், எனக்குத்தான் அந்த வைராக்கியம் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கெல்லாம் அடிக்கவே இல்லையாமே!

செவந்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குமாப்பா? ஒனக்கும் விசிலா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ நான் அவள் வகுப்பிலேயே சேர்ந்துவிட்ட மாதிரி.

இருதயத்தில் ஓட்டை கீட்டை எதுவும் இல்லை என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். ஓடுவதற்கு முன்னால் விழுங்க, அவள் அளவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். எடுத்ததும் பாயக்கூடாதாம். நடந்து, சற்று வேகமாக நடந்து, கொஞ்சம் ஓடி, நின்று, உடம்பு சூடேறிய பிறகு ஓட வேண்டுமாம். விசில் வந்தால் உடனே நின்று நிமிர்ந்து உட்கார வேண்டும். குளிரிலும் புழுதியிலும் மூக்கைத் துணியால் மூட வேண்டும். மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும். எனக்கும் தனியாக ஒரு சீட்டு. பஸ்ஸில் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சோம்பேறிப் பட்டத்துக்கு விடுதலைப் பத்திரம் அல்லவா!

வந்ததும் முதல் வேலையாக நாகராசு கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப இம்புட்டு நாளும் ஒன்னய நாங்க கேலி பண்ணுனதெல்லாம் வீணாப் போச்சா?" என்று வருத்தப்பட்டான்.

உடனே பதில் போடு. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

தங்கமுத்து


கீரமங்கலம்
4-5-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அங்கே? கடிதம் கிடைக்கவில்லையா? பரீட்சை நேரம் என்று அழகி சொல்கிறாள். சித்திரை பிறந்ததிலிருந்து தபால்காரர் தலை தெரிந்தால் நானே எழுந்து எதிரே போகிறேன். கல்லுப்பிள்ளையார் எழுந்து போகிறார் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள்.

செவந்தி தேறி வருகிறாள். ஒரு கார்டாவது போடு.

தங்கமுத்து


திருச்சி
13-5-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நாங்கள் நலம். பரீட்சை இருந்தது. பிறகு வெயிலும் அதிகம்.

செவந்தியை ஓடவிடும்போது மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள். பளு தூக்க வேண்டாம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் புரவி எடுப்புக்கு வர முடியாது. அண்ணிக்கும் செவந்திக்கும் என் அன்பு.

தங்களன்புள்ள
உண்ணாமலை


கீரமங்கலம்
1-7-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகத்திலும் சுகம். சைக்கிள்கள் ஆறும் சுகம், இப்படி வாய்ப்பது அபூர்வம்.

முதலில் பார்சல். அக்கினி நட்சத்திரத்தில் பிரித்தோம். உள்ளே கம்பளி மப்ளர், உன் கைப்பின்னல், சிவப்பில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. நம்மூர் வெயிலில் ஆடுகூடக் கம்பளி இல்லாமல் இருக்கவே ஆசைப்படும். பெரியதில் ஓரிடத்தில் பின்னல் தப்பி, பிரித்து, மறுபடி பின்னியிருக்கிறாய். அந்த இடத்தை அழகி நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க தங்கச்சி ஒரு மாசமா பதில் எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றாள்.

இனி முந்தாநாள் கதை. வேளார் பொட்டலில் புரவிகளெல்லாம் வண்ணம் பூசி நின்றன. நம் சின்னப் புரவியும் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனிக் காற்று, ஒரே புழுதி. நானும் செவந்தியும் மாத்திரையை விழுங்கிவிட்டு, மூக்கை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு போய் நின்றோம். "என்னப்பா, அப்பனும் மகளும் ஊட்டிக்கா கெளம்பிட்டீக?" என்றான் நாகராசு. செவந்தி மப்ளரை இறக்கி, "டாக்டர் சொன்னது மாமா" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டாள்.

எனக்கு ஒரே பயம், ஓடி வருவாள் என்று வாய்விட்டு வேண்டியிருக்கிறேனே. கொட்டு முழங்கியது. மற்ற பிள்ளைகள் பாய்ந்தார்கள். செவந்தி பாயவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மண்குதிரையைத் தூக்குகிறவன் எடுத்த எடுப்பில் ஓடுவானா? ஓடினால் காது உடையும். மெல்லத் தூக்குவான், நடப்பான், வேகமாக நடப்பான், சாவடியில் இறக்கி வைப்பான், தண்ணீர் குடிப்பான், மறுபடி தூக்குவான். கோயில் தெரிகிற கடைசிப் பொட்டலில்தான் குலவைச் சத்தத்தோடு ஓடுவான். டாக்டர் சொன்னதும் இதைத்தானே! குதிரை நின்ற இடத்தில் எல்லாம் செவந்தியும் நின்றாள். அதற்குள் முன்னால் பாய்ந்த பிள்ளைகள் பாதிப் பேர் வேலி ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிப் பொட்டல் வந்தது. குலவை எழும்பியது. செவந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். "வாரியாப்பா?"

ஓடினாள், உண்ணாமலை. சிவப்பு மப்ளர் பின்னால் பறக்க, குதிரைக்கு முன்னால், கோயில் வாசல்வரை. பக்கத்தில் நான். ஊரே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து நாகராசு, "ஏய், கல்லுப்பிள்ளையாரு ஓடுதுடா! ஓடியாங்க, ஓடியாங்க!" என்று கத்தியது கொட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நான் அவள் முதுகில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை, குடுகுடுவென்று நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். அவள் என் முதுகில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒனக்கு லேசா இருக்குப்பா. அடுத்த தடவ இன்னும் மெதுவா ஆரம்பி" என்றாள். டிரில் டீச்சர் பரம்பரை அல்லவா.

கடைசியாக உன்மேல் ஒரு புகார். சென்ற கடிதத்தில் 'உங்கள்' என்கிறாய், 'சாப்பிடுங்கள்' என்கிறாய், 'தங்களன்புள்ள' என்கிறாய். பட்டத்தைக் காணோம். யாருக்கோ எழுதிய கடிதம் எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய கேலியை நினைத்து வருந்தி அப்படியெல்லாம் என்னை மரியாதை செய்து ஒதுக்கி வைக்காதே. சோம்பேறிப் பட்டத்தை டாக்டர் எடுத்துக்கொள்ளட்டும். இது என் தங்கச்சி எனக்கு வைத்த பெயர், இதைக் கொடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பொங்கலுக்கு வா. கண்மாய்க்கரையில் பெரியவர்களுக்கும் ஒரு பந்தயம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மெதுவாக ஆரம்பிப்போம்.

இப்படிக்கு,
கல்லுப்பிள்ளையார்
(முந்தாநாள் ஒருநாள் மட்டும் உற்சவர்)